பிஎம்6 புது பேட்ச்: ஃபில் ஃபேக்டர் 74-லிருந்து 63-க்கு விழுகிறது. டோனரை மாற்றலாமா?

பவாய்வாசி (மும்பை):

வணக்கம். பிஎம்6 (எலக்ட்ரான் கொடுக்கும் பாலிமர், அதாவது டோனர்), ஒய்6 (எலக்ட்ரானை வாங்கும் ஏற்பி) கலந்த ஆர்கானிக் சோலார் செல். அடுக்கு வரிசை: ஐடிஓ (ஒளிபுகும் மின்முனை), பெடாட் (ஏஐ 4083; துளைகளை, அதாவது நேர்மின்னூட்டத்தைக் கடத்தும் அடுக்கு), கலவைப் படலம், பிடிஐஎன்என் (எலக்ட்ரானைக் கடத்தும் அடுக்கு), வெள்ளி. பழைய பிஎம்6 தீர்ந்து அதே சப்ளையரிடமிருந்து புது பேட்ச் வந்திருக்கிறது. ஒய்6 பாட்டில் அதேதான், செய்முறையிலும் மாற்றம் எதுவும் இல்லை.

கலவை 1:1.2 எடை விகிதம், குளோரோஃபார்மில் மொத்தம் 16 மி.கி./மி.லி., 0.5% குளோரோநாஃப்தலீன். 3000 ஆர்பிஎம், 30 நொடி. பிறகு 100 டிகிரியில் 5 நிமிடம். பெடாட் வெளியில், கலவை கிளவ்பாக்ஸுக்குள் (காற்றும் ஈரமும் புகாத பெட்டி).

பழைய பேட்ச்: விஓசி (திறந்த சுற்று மின்னழுத்தம்) 0.84 வோல்ட், ஜேஎஸ்சி (குறுக்குச் சுற்று மின்னோட்ட அடர்த்தி) 25.1 மி.ஆம்பியர்/ச.செ.மீ., எஃப்எஃப் (ஃபில் ஃபேக்டர்: இந்த இரண்டின் பெருக்கத்தில் உண்மையில் கிடைக்கும் பங்கு) 74%. திறன் 15.6%.
புது பேட்ச்: 0.82, 23.2, 63%. திறன் 12%.

ஐவி (மின்னோட்டம்-மின்னழுத்தம்) வளைவில் எஸ் வளைவு இல்லை. இருட்டு வளைவில் ஷன்ட் ஒழுக்கும் இல்லை. தடிமன் முன்பு 115 நா.மீ., இப்போது 100-க்குப் பக்கம். சான்றிதழில் எம்என் (சராசரி மூலக்கூறு எடை) 48 கிலோடால்டன், பிடிஐ (சங்கிலி நீளங்களின் பரவல்) 2.1 என்று போட்டிருக்கிறது. ஜிபிசி (பாலிமரின் மூலக்கூறு எடையை அளக்கும் முறை) குளோரோஃபார்மில், 40 டிகிரியில் எடுத்ததாம்.

கேள்வி இரண்டு. இது ஜூலை மாத ஈரப்பதத்தின் வேலையா, பாலிமரின் வேலையா? கைடு "பிஎம்6-ஐ விட்டுவிட்டு டி18 அல்லது பிடிக்யூ10-க்குப் போய்விடலாமே" என்கிறார் (இரண்டும் வேறு டோனர் பாலிமர்கள்). போகலாமா?

ஹெப்பாள்காரன் (பெங்களூரு):

போவதற்கு முன்னால் ஒரு வாரம் இதிலேயே செலவிடுங்கள். டோனரை மாற்றினால் இந்தச் சிக்கலும் கூடவே வரும், டி18 என்றால் வட்டியோடு வரும்.

நீங்கள் போகிறபோக்கில் சொன்ன இரண்டு விஷயங்கள்தான் இங்கே துப்பு. ஒன்று தடிமன். அதே செறிவு, அதே ஆர்பிஎம், ஆனால் படலம் மெலிந்திருக்கிறது. கரைசலின் பாகுத்தன்மை குறைந்திருக்கிறது என்று அர்த்தம். சங்கிலி குட்டையானால் முதலில் தெரியும் அறிகுறி அதுதான். இரண்டு, அந்த 40 டிகிரி ஜிபிசி. பிஎம்6 அறை வெப்பத்தில் குளோரோஃபார்மில் தனித்தனிச் சங்கிலியாக இருப்பதில்லை, கொத்துக் கொத்தாக இருக்கும். ஜிபிசி அந்தக் கொத்தை ஒரே சங்கிலி என்று எண்ணி எடையைக் கூட்டிக் காட்டும். ட்ரைகுளோரோபென்சீனில் 140 முதல் 160 டிகிரியில் ஓட்டிய எண்ணைத்தான் நம்பலாம். அதுவும் பாலிஸ்டைரீனை வைத்து அளந்த ஒப்பீட்டு எண்தான். ஆகவே ஒரே முறையில் எடுத்த இரண்டு பேட்ச்களை ஒப்பிட மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். பிஎம்6 என்ற ஒரே பெயரில் 20 கிலோடால்டனும் வரும், 60-ம் வரும். லேபிளைப் பார்த்துச் செய்முறையை வைத்துக்கொள்ள முடியாது.

உயர்வெப்ப ஜிபிசி எல்லா இடத்திலும் கிடைக்காது. அதற்குப் பதில் ஒரு யூவி-விசிபிள் போதும். பழைய பாட்டிலின் அடியில் 1 மி.கி. ஒட்டியிருந்தால்கூடச் செய்யலாம்:

குளோரோபென்சீனில் 0.02 மி.கி./மி.லி. கரைசல். 80 டிகிரியில் ஒரு மணி நேரம் கிளறி முழுக்கக் கரையுங்கள். மூடியுள்ள குவெட்டில் ஊற்றி, 25 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை 10 டிகிரிக்கு ஒரு தடவை நிறமாலை எடுங்கள், ஒவ்வொரு முறையும் 5 நிமிடம் காத்திருந்து. 610-615 நா.மீ. பக்கம் இருப்பது 0-0 உச்சி (சங்கிலிகள் கொத்தாக இருப்பதன் அடையாளம்), 570-580 பக்கம் 0-1. சூடு ஏற ஏற 0-0 கரைந்து, முழு வளைவும் நீலப்பக்கம் நகரும். இரண்டு பேட்சுக்கும் 0-0/0-1 விகிதத்தை வெப்பநிலைக்கு எதிராக வரையுங்கள். குட்டைச் சங்கிலி பேட்ச் குறைந்த வெப்பத்திலேயே பிரிந்துவிடும்.

கூடவே ஒளிச்செறிவை மாற்றி விஓசி அளந்துவிடுங்கள். 100, 50, 20, 10, 5 மி.வாட், நியூட்ரல் டென்சிட்டி வடிகட்டி போதும். பத்து மடங்குக்கு 59 மில்லிவோல்ட் ஏறினால் ஐடியாலிட்டி காரணி 1, பொறி (மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் குறை) வழி மறுசேர்க்கை பெரிதாக இல்லை. 75-ஐத் தாண்டினால் பொறிகள் உண்டு.

ஏன் எஃப்எஃப் முதலில் அடிவாங்குகிறது? பிஎம்6-இல் துளைகள் ஓடுவது சங்கிலி நெடுக. ஒழுங்கான ஒரு பகுதியையும் அடுத்த ஒழுங்கான பகுதியையும் நீளச் சங்கிலிகள்தான் இணைக்கின்றன; கயிறு குட்டையானால் இரண்டு கரையையும் கட்ட முடியாது. அதோடு குட்டைச் சங்கிலி ஒய்6-க்குள் எளிதாகக் கலந்து, தூய பகுதிகளைக் கலங்கலாக்கிவிடும். துளை நகர்வுத்திறன் இறங்கும், எலக்ட்ரான் நகர்வுத்திறன் அப்படியே நிற்கும், சமநிலை போகும். உள்மின்புலம் குறைவாக இருக்கும் அதிகபட்சத் திறன் புள்ளியில் மின்னூட்டங்கள் வெளியேறுவதற்குள் சேர்ந்துவிடும். ஷார்ட் சர்க்யூட்டில் புலம் பலமாக இருப்பதால் ஜேஎஸ்சி அவ்வளவாக விழாது. உங்கள் எண்கள் அப்படியே இந்த வரிசையில்தான் இருக்கின்றன.

ஈரப்பதத்தையும் விட்டுவிட வேண்டாம். 27 டிகிரி, 80% ஈரப்பதம் என்றால் பனிப்புள்ளி 23 டிகிரி. குளோரோஃபார்ம் ஆவியாகும்போது படலம் அதற்குக் கீழே குளிர்ந்துவிடும், மேலே நீர்த்துளி படியும், துளித்துளியாகக் குழி விழும். கலவையைக் கிளவ்பாக்ஸில் சுழற்றுவதால் இதிலிருந்து தப்பித்தீர்கள். பெடாட் அப்படியில்லை, ஈரத்தை உறிஞ்சும். 150 டிகிரியில் 15 நிமிடம் வெளியில் சுட்ட பிறகு, உள்ளே கொண்டுபோய் மறுபடி 120-இல் 10 நிமிடம் சுடுங்கள். பிடிஐஎன்என் 1 மி.கி./மி.லி. மெத்தனாலில்தானே? மழைக்காலத்தில் திறந்த மெத்தனால் பாட்டிலை நம்பாதீர்கள், உலர் மெத்தனால் புதிதாகத் திறந்தது இருக்கட்டும்.

முனிர்கா மாடி (டெல்லி):

ஹெப்பாள்காரன் சொன்னது பெரும்பாலும் சரி, ஆனால் 25.1-லிருந்து 23.2 என்பதை அவ்வளவு சுலபமாகத் தாண்டக்கூடாது. அதில் ஒரு பங்கு தடிமன். மீதி விளக்கிலிருந்தும் வரலாம்.

ஒய்6 930 நா.மீ. வரை உறிஞ்சும். செனான் விளக்கில் 820-லிருந்து 920 நா.மீ. வரை கூரான கோடுகள் இருக்கின்றன. அகச்சிவப்பை வெட்டும் கேஜி5 வடிகட்டி போட்ட சிலிக்கான் ரெஃபரன்ஸ் செல்லுக்கு அந்தப் பகுதி கண்ணுக்கே தெரியாது. அதை வைத்து 100 மி.வாட் என்று திருப்பிவைத்தால், செல் பார்க்கும் அகச்சிவப்பு வேறாக இருக்கும். பி3எச்டி என்ற பழைய பாலிமர் காலத்துப் பழக்கம் அது. அந்தப் பாலிமர் 650-க்கு மேல் எதையும் பார்க்காது, அதனால் பாதிப்பு தெரியவில்லை. ஒய்6-க்கு வடிகட்டி இல்லாத சிலிக்கான் செல் வைத்து, மிஸ்மேட்ச் காரணியும் (விளக்கு, சூரிய நிறமாலைகளின் வேறுபாட்டுக்கான திருத்தம்) கணக்கிட வேண்டும். விளக்கின் மணிநேரம் ஏற ஏற அந்தக் கோடுகளின் பங்கும் மாறும்.

ஈக்யூஇ (ஒவ்வொரு அலைநீளத்திலும் விழும் ஃபோட்டான்களில் எத்தனை பங்கு மின்னோட்டமாகிறது) எடுத்துத் தொகையிட்டு ஜேஎஸ்சி பாருங்கள். ஐவி எண்ணோடு 5 சதவீதத்துக்குள் ஒத்துவர வேண்டும். மேலும் ஈக்யூஇ-இல் எங்கே இறக்கம் என்று பார்த்தாலே பாதிப் பதில் கிடைத்துவிடும்: 550-620-இல் மட்டும் பள்ளம் என்றால் பிஎம்6 பக்கம். எல்லா அலைநீளத்திலும் ஒரே அளவு இறங்கினால் மின்னூட்டச் சேகரிப்பு. மாஸ்க் (ஒளிபடும் பரப்பை வரையறுக்கும் தகடு) வைத்துத்தானே அளக்கிறீர்கள்? மாஸ்க் இல்லாமல் எடுத்த ஜேஎஸ்சி பற்றிப் பேசுவதே வீண்.

பவாய்வாசி:

மாஸ்க் உண்டு, 0.04 ச.செ.மீ. ரெஃபரன்ஸ் செல் வடிகட்டி இல்லாதது. ஈக்யூஇ தொகை 22.6, இறக்கம் 450-லிருந்து 850 வரை ஏறக்குறைய சமமாக இருக்கிறது.

விஓசி சரிவு: பத்து மடங்குக்கு 78 மில்லிவோல்ட். பழைய பேட்சில் எடுத்து வைத்திருந்த தரவில் 64.

யூவி: பழையதில் 0-0 உச்சி 60 டிகிரி வரை நிற்கிறது, அதற்குப் பிறகுதான் இறங்குகிறது. புதியதில் 40-லேயே சரிய ஆரம்பிக்கிறது. பெடாட்டை உள்ளே மறுபடி சுட்டதில் எஃப்எஃப் 64-65 ஆனது, அதற்கு மேல் போகவில்லை.

ஆக பாலிமர்தான். பழைய பேட்ச் மாதிரி ஒன்றோடு பாதிக்குப் பாதி கலந்தால் சரியாகுமா? கையில் புது பேட்ச் 500 மி.கி. இருக்கிறது, தூக்கிப்போட மனசு வரவில்லை.

செம்பூர் சாக்ஸ்லெட் (மும்பை):

தூக்கிப்போடாதீங்க. கலக்கவும் வேண்டாம். கலந்தா குட்டைச் சங்கிலி அதுபாட்டுக்கு உள்ளேயேதான் இருக்கும், சராசரி மட்டும் அழகாத் தெரியும். குட்டையை வெளியே எடுக்கணும்.

300 மி.கி. எடுத்து முதல்ல 30 மி.லி. குளோரோஃபார்ம்ல 50 டிகிரில கரைங்க. சோடியம் டைஎத்தில்டைதையோகார்பமேட் 100 மி.கி.யை 20 மி.லி. தண்ணில கரைச்சு அதோட சேர்த்து, ரிஃப்ளக்ஸ் கண்டன்சர் மாட்டி 2-3 மணி நேரம் நல்லாக் கலக்குங்க. மிச்சம் இருக்கற பலேடியத்தை அது பிடிச்சுக்கும். பலேடியமும் பொறிதான், உங்க 78-ல அதோட பங்கும் இருக்கலாம். தண்ணி அடுக்கைப் பிரிச்சு, மூணு தடவை தண்ணில கழுவி, கரைசலைப் பாதியா வத்தவைச்சு, 200 மி.லி. மெத்தனால்ல சொட்டுச் சொட்டா விடுங்க. நார் நாரா விழுந்தா நல்ல அறிகுறி. மாவு மாதிரி விழுந்தா குட்டை ஜாஸ்தி.

வடிகட்டினதை திம்பிள்ல (காகித உறை) போட்டு சாக்ஸ்லெட் (கரைப்பானைத் திரும்பத் திரும்பக் கொதிக்கவைச்சு மேல விட்டுக் கரைச்சு எடுக்கற கருவி), வரிசையா: மெத்தனால், அசிடோன், ஹெக்சேன், டைகுளோரோமீத்தேன், கடைசில குளோரோஃபார்ம். மெத்தனால்ல உப்பும் டைதையோகார்பமேட்டும் போகும். ஹெக்சேன்ல ஆலிகோமர் (ரொம்பக் குட்டைச் சங்கிலி). டைகுளோரோமீத்தேன்லதான் உங்க எதிரி இருக்கான். குளோரோஃபார்ம் பங்கை மட்டும் வெச்சுக்குங்க. திம்பிள்லயே கரையாம தங்கறது ரொம்ப நீளமானது இல்லன்னா குறுக்குப் பிணைப்பு, அதுவும் வேண்டாம்.

இங்க ஒரு மும்பைப் பிரச்சினை. குழாய்த் தண்ணி 28 டிகிரி. டைகுளோரோமீத்தேன் கொதிநிலை 40. குழாய்த் தண்ணியைக் கண்டன்சர்ல விட்டா ராத்திரியோட ராத்திரியா ஃபிளாஸ்க் காஞ்சிடும். சில்லர்ல 5-10 டிகிரி வெச்சுத்தான் ஓட்டணும். சில்லர் இல்லன்னா ஐஸ் வாளில சின்ன பம்ப் போட்டு ஓட்டலாம், ஆனா ஆள் பக்கத்துலயே இருக்கணும்.

இனி நீங்களே பாலிமர் பண்றதா இருந்தா: ஸ்டில்லே வினைல (டின், ப்ரோமோ மானோமர்களைப் பலேடியம் வெச்சு இணைக்கறது) மூலக்கூறு எடையைத் தீர்மானிக்கறது தராசுதான். ஃப்ளோரின் போட்ட பிடிடி (பென்சோடைதையோஃபீன்) டின் மானோமர் மூலக்கூறு எடை 940.55, பிடிடி-டையோன் டைப்ரோமோ 766.7. 0.1 மில்லிமோல்னா 94.1 மி.கி.யும் 76.7 மி.கி.யும். கேரதர்ஸ் கணக்குப்படி மோல் விகிதம் 0.98 ஆனா, வினை முழுசா முடிஞ்சாலும் சங்கிலி 99 மானோமர், கிட்டத்தட்ட 60 கிலோடால்டன். 0.95 ஆனா 39 மானோமர், 24 கிலோடால்டன்தான். ஒன்றரை மி.கி. தப்பா நிறுத்தாலே 2 சதவீதம் போச்சு. அதனால குறைஞ்சது 0.2 மில்லிமோல் அளவுல, 0.01 மி.கி. தராசுல நிறுங்க. டின் மானோமரோட சுத்தத்தையும் என்எம்ஆர்ல பாருங்க. சிலிக்கா காலம்ல ஏத்தினா டின் உதிரும், அதனால மறுபடிகமாக்கல் மட்டும்தான்.

0.1 மில்லிமோலுக்கு டொலுயீன் 4-5 மி.லி., டெட்ராகிஸ் பலேடியம் 5 மி.கி., ஆர்கான் 20 நிமிஷம் குமிழவிட்டு 110 டிகிரி. பழைய பழுப்பு நிற டெட்ராகிஸ் போடாதீங்க, மஞ்சளா இருக்கணும். நேரத்தைப் பாக்காதீங்க, கிளறுகோலைப் பாருங்க: கரைசல் கெட்டியாகிக் கிளறுகோல் தடுமாற ஆரம்பிச்சா நிறுத்தற நேரம். இன்னும் விட்டா ஜெல், எந்தக் கரைப்பான்லயும் இறங்காது. நிறுத்தறதுக்கு முன்ன 2-ட்ரைபியூட்டைல்ஸ்டேனைல்தையோஃபீன், ஒரு மணி நேரம் கழிச்சு 2-ப்ரோமோதையோஃபீன், ரெண்டு முனையையும் மூடுங்க.

துணை விளைபொருள் ட்ரைமெத்தில்டின் ப்ரோமைடு. ஆவியாகும், தோல் வழியா உள்ள போகும், நரம்பைத் தாக்கற நஞ்சு. மெத்தனால்ல பாலிமர் விழவைச்ச பிறகு மிஞ்சற திரவத்துல அது இருக்கும். ஹூட்ல ரெட்டைக் கையுறை, தனிப் பாட்டில், ‘டின்’னு லேபிள். சிங்க்ல ஒரு சொட்டுகூடப் போகக்கூடாது.

முனிர்கா மாடி:

உங்கள் கைடு கேள்விக்கு வருகிறேன்.

டி18-இல் பிடிடி அலகு பிஎம்6-இல் உள்ள அதே ஃப்ளோரின் பிடிடிதான். எதிர்ப்பக்கம் மட்டும் இறுகப் பிணைந்த டிடிபிடி வளையம். பட்டை இடைவெளி 1.98 எலக்ட்ரான் வோல்ட், பிஎம்6-க்கு 1.8 சுமார். துளை நகர்வுத்திறன் அதிகம். 2020-இல் டி18:ஒய்6 18.22% காட்டியது, விகிதம் 1:1.6. பிரச்சினை, இது பிஎம்6-ஐவிடப் பிடிவாதமாகக் கொத்தாகும். பாலிமரை 4-5 மி.கி./மி.லி.க்கு மேல் போகவிடாதீர்கள், 50-55 டிகிரியில் மூடியை இறுக்கி மணிக்கணக்கில் கிளறுங்கள், சூடாகவே சுழற்றுங்கள். குப்பியை முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள். குளோரோஃபார்ம் 5% கசிந்தாலும் தடிமன் எகிறும். 0.45 மைக்ரான் பிடிஎஃப்இ வடிகட்டியில் விட்டால் கொத்துகள் வடிகட்டியிலேயே தங்கி, வடிந்து வருவது வேறு செறிவு. நிறம் வெளுத்திருக்கிறதா என்று பார்த்தாலே தெரியும். பேட்ச் மாறினால் டி18 இன்னும் கூடுதலாகக் கைவிடும், அதில் ஹெப்பாள்காரனோடு ஒத்துப்போகிறேன்.

பிடிக்யூ10 வேறு சங்கதி. 2018-இல் வந்தது, தையோஃபீனும் டைஃப்ளோரோகுவினாக்சலினும். மலிவான மூலப்பொருளிலிருந்து இரண்டே படி, மொத்த விளைச்சல் 87.4%. ஒய்6-உடன் 16% பக்கம் போகும். எளிதாகக் கரையும், பேட்ச் மாறினால் செறிவை மறுபடி சரிபார்க்கும் வேலை குறைவு. பெரிய பரப்புக்கு, பிளேடு கோட்டிங்குக்குப் போகப்போகிறீர்கள் என்றால் என் ஓட்டு இதற்கே. ஹெப்பாள்காரன் "டோனரை மாற்றாதே" என்று பொதுவாகச் சொன்னதை இந்த இடத்தில் ஏற்கமாட்டேன். 1 ச.செ.மீ. செல்லுக்கு மேல் போகும்போது 2 சதவீதத் திறனைவிட, ஒரு கிலோ பாலிமரை ஒரே மாதிரி செய்ய முடிகிறதா என்பதே பெரிய கேள்வி.

பி3எச்டி மலிவாயிற்றே என்று யாராவது சொன்னால்: ஒய்6-உடன் அது ஒத்துவராது. எச்ஓஎம்ஓ (எலக்ட்ரான் நிறைந்த மேல்மட்ட ஆற்றல் நிலை) ரொம்ப மேலே, விஓசி விழுந்துவிடும். கலந்து பிரியும் விதமும் சரியில்லை. அதற்கென்று வடிவமைத்த ஏற்பி வேண்டும். ஓ-ஐடிடிபிஆர் என்ற ஏற்பியுடன் 2016-இல் 6.4% வந்தது.

குளோரோஃபார்மை விட்டு சைலீனுக்குப் போவதானால் ஏற்பியையும் மாற்றுங்கள். ஒய்6 ஓ-சைலீனில் சரியாகக் கரையாது. எல்8-பிஓ, பிடிபி-ஈசி9 இரண்டும் பரவாயில்லை. கரைசலும் அடித்தளமும் சூடாக இருக்க வேண்டும், பிஎம்6 என்றால் 80-100 டிகிரி.

ஹெப்பாள்காரன்:

பெரிய பரப்புக்கு பிடிக்யூ10 என்பதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அவர் அளப்பது 0.04 ச.செ.மீ.; அங்கே பிஎம்6-ஐச் சுத்தப்படுத்தினாலே போதும். இன்னொன்று: சுத்தமான பங்கு வந்ததும் பழைய 16 மி.கி.யையே போடாதீர்கள். நீளச் சங்கிலி கூடியதால் பாகு ஏறும், படலம் 130-140 நா.மீ. ஆகலாம். 15 மி.கி.யிலிருந்து தொடங்கி 110-க்குக் கொண்டுவாருங்கள். ஒய்6 தடித்த படலத்தைத் தாங்கும், முதல் அறிக்கையிலேயே 300 நா.மீ.க்கு 13.6% இருந்தது. இருந்தாலும் பேட்ச் ஒப்பிடும்போது தடிமன் ஒன்றாக இருந்தால்தான் எஃப்எஃப் ஒப்பீட்டுக்கு அர்த்தம் உண்டு.

குளோரோஃபார்ம் பாட்டில் எத்தனால் போட்டதா, அமைலீன் போட்டதா என்றும் எழுதிவையுங்கள். எத்தனால் 0.5-1% இருக்கும். பாலிமருக்கு அது கரைப்பான் இல்லை, படலம் காயும் விதத்தைக் கொஞ்சம் மாற்றும். அமைலீன் பாட்டில் பழசானால் அமிலம் சேரும், ஈர லிட்மஸ் காகிதத்தை ஆவியில் காட்டிச் சோதியுங்கள்.

பவாய்வாசி:

சில்லர் ஏற்பாடு ஆகிவிட்டது. செம்பூர் அக்கா, டைகுளோரோமீத்தேன் எவ்வளவு நேரம்? நிறமே போகும்வரை ஓட்டவா?

செம்பூர் சாக்ஸ்லெட்:

நிறம் போகவே போகாது, பிஎம்6 நடுத்தர நீளமும் அதுல மெள்ள இறங்கிக்கிட்டே இருக்கும். நிறமில்லாம ஆகற வரைக்கும் ஓட்டினா பாதிப் பாலிமர் போயிடும். முதல்ல சைஃபன்ல இறங்கறது கருஊதாவா இருக்கும். அது கண்ணாடி வழியா எழுத்து தெரியற அளவு வெளுத்ததும் நிறுத்துங்க, பொதுவா 6-8 மணி நேரம். அந்தப் பங்கைத் தூக்கி எறியாம மெத்தனால்ல விழவைச்சு நிறுங்க. 300-ல 40-50 மி.கி. வந்தா எதிர்பார்த்ததுதான். 100-ஐத் தாண்டினா மீதியைச் சுத்தம் பண்ணி மினக்கெடாதீங்க, சப்ளையர்கிட்ட 150 டிகிரி ஜிபிசி கேட்டு மாத்தி வாங்குங்க. குளோரோஃபார்ம் பங்கை வேக்குவம் அவன்ல 60 டிகிரில ராத்திரி முழுக்க உலர்த்தி, அதுக்கப்புறம் மறுபடி அந்த யூவி வெப்பநிலை வளைவை எடுங்க. செல் போடறது அதுக்கு அப்புறம்.